பழைய பைக்கில் நட்டு போல்ட்டு துருப்பிடித்து இறுகாமல் இருக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆர்எக்ஸ் 100, பழைய ஸ்ப்ளெண்டர், வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் போன்ற வண்டிகளைக் கடலோர ஊரில் வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. இறுகிப்போன போல்ட்டைக் கழற்றும் வித்தை பாதிதான். மீதிப் பாதி, கடைசியாக அதை மாட்டியவர் எப்படி மாட்டினார் என்பதில் இருக்கிறது. அதனால் மாட்டும் வேலைக்கே இங்கே அதிக இடம்.

போல்ட்டு ஏன் இறுகுகிறது? வெறும் துருதானே?

துரு ஒரு காரணம்தான். மூன்று வேறு வேறு விஷயங்கள் நடக்கின்றன. எது நடந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் மருந்தும் சரியாக அமையும்.

இரும்பு போல்ட்டு, இரும்பு நட்டு: இங்கே வருவது சாதாரணச் செந்துரு. இரும்பு துருவாக மாறும்போது இரண்டு மடங்குக்கும் மேல் இடத்தை அடைத்துக்கொள்ளும். மரைக்கு நடுவே இருக்கும் மயிரிழை இடைவெளி நிரம்பியதும் நட்டு ஆப்பு அடித்தது போல நின்றுவிடும். மட்கார்டு, ஃபுட்ரெஸ்ட், ஸ்டாண்டு எல்லாம் இந்த வகை.

இரும்பு போல்ட்டு, அலுமினிய உடம்பு: கிராங்க்கேஸ், சைடு கவர், கார்புரேட்டர், ஹெட் இந்த வகை. இரண்டு உலோகமும் ஒட்டிக்கொண்டு நடுவில் உப்பு ஈரம் சேர்ந்தால் அது ஒரு குட்டி பேட்டரி. இதில் கரைவது அலுமினியம். போல்ட்டைக் கழற்றினால் மரையில் வெள்ளை மாவு போல ஒட்டியிருக்குமே, அது அலுமினிய ஆக்ஸைடு. செந்துருவைவிட இது மோசம். இறுகுவதோடு நிற்காமல், கழற்றும்போது அலுமினிய மரையையும் உரித்துக்கொண்டு வரும்.

மூன்றாவது சூடு. சைலன்ஸரின் வளைந்த குழாயை எஞ்சினோடு பிடிக்கும் ஸ்டட்டும் (தலையில்லாத போல்ட்டு) நட்டும் தினமும் சூடேறி ஆறுகின்றன. மரையின் மேல் கருப்பாக ஒரு செதில் உருவாகி நட்டோடு ஒன்றாகிவிடும். இங்கே எண்ணெய் தங்காது, சாதாரண கிரீஸும் தங்காது.

எந்தெந்த இடத்தை முதலில் கவனிக்க வேண்டும்?

உடைந்தால் செலவு பெரிதாகும் இடங்களை முதலில் பாருங்கள். சைலன்ஸர் ஸ்டட், சைடு கவர் ஸ்க்ரூ, ஆயில் டிரெயின் போல்ட்டு, ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கி ஏறி இறங்கும் கை) போல்ட்டு, பின் ஆக்ஸில். டிஸ்க் பிரேக் இருந்தால் காலிப்பரில் காற்றை வெளியேற்றும் பிளீடர் ஸ்க்ரூவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது உள்ளே ஓட்டை உள்ள ஸ்க்ரூ, கொஞ்சம் பலம் கூடினாலும் ஒடிந்துவிடும். ரப்பர் தொப்பியைத் தொலைத்தால் அந்த ஓட்டையில் தண்ணீர் இறங்கும்.

இதில் ஸ்விங் ஆர்ம் போல்ட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது சேஸிஸைக் குறுக்கே துளைத்துப் போகும் நீளமான தண்டு. மரை இருப்பது கடைசி இரண்டு செ.மீ. மட்டும். இறுகுவது மரை அல்ல, நடுத்தண்டு. புஷ்ஷுக்குள் இருக்கும் இரும்புக் குழாயும் தண்டும் துருவில் ஒட்டிக்கொள்ளும். நட்டு சுலபமாகக் கழன்று வந்த பிறகு, தண்டு சுத்தியலுக்கும் அசையாமல் நிற்கும். பின் ஆக்ஸிலும் இதே கதைதான். மாட்டும்போது மரைக்கு மட்டும் கிரீஸ் தடவிப் பிரயோஜனம் இல்லை, தண்டு முழுவதும் தடவ வேண்டும்.

கிரீஸ் போதுமா? ஆன்டி-சீஸ் (இறுகாமல் தடுக்கும்) பேஸ்ட் கட்டாயமா?

பெரும்பாலான இடத்துக்கு நல்ல தண்ணீர் தாங்கும் கிரீஸே போதும். ஆக்ஸில், ஸ்விங் ஆர்ம், ஸ்டாண்டு பின், மட்கார்டு போல்ட்டு, செயின் அட்ஜஸ்டர், பிரேக் கேம் எல்லாம் கிரீஸ் வேலை. பிரேக் கேமில் மட்டும் கை அடக்கம் வேண்டும். அதிகமாக வைத்தால் சூட்டில் உருகி பிரேக் ஷூவில் இறங்கும்.

சைலன்ஸர் ஸ்டட்டுக்கு கிரீஸ் உதவாது. லித்தியம் கிரீஸ் 190 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகி ஓடிவிடும். அங்கே செம்பு அல்லது நிக்கல் கலந்த ஆன்டி-சீஸ் பேஸ்ட் வேண்டும். செம்பு வகை ஆயிரம் டிகிரி வரை தாங்கும்.

அதற்காக அதே செம்பு பேஸ்ட்டை எல்லா இடத்திலும் அப்புவது தவறு. அலுமினியம், செம்பு, உப்புத் தண்ணீர் மூன்றும் சேர்ந்தால் மேலே சொன்ன பேட்டரி இன்னும் வேகமாக வேலை செய்யும். அலுமினியத்துக்குள் போகும் போல்ட்டுக்கு உலோகம் கலக்காத வெள்ளை செராமிக் பேஸ்ட் நல்லது, கிடைக்காவிட்டால் கிரீஸ் போதும். சில பட்டறைகளில் எதற்கெடுத்தாலும் கிராஃபைட் கிரீஸ் வைக்கும் பழக்கம் உண்டு. கிராஃபைட்டும் அலுமினியத்துக்கு ஆகாது.

எவ்வளவு தடவ வேண்டும்? எப்படி?

எம்6 (6 மி.மீ. தடிமன்) போல்ட்டுக்கு ஒரு அரிசி அளவு போதும். முதலில் போல்ட்டின் மரையை வயர் பிரஷ்ஷால் தேயுங்கள். பித்தளைக் கம்பி பிரஷ் நல்லது, இரும்பு பிரஷ் போல்ட்டின் துத்தநாக முலாமையும் சேர்த்து உரித்துவிடும். பிறகு ஓட்டைப் பக்கம். மண்ணெண்ணெயில் நனைத்த பழைய டூத் பிரஷ்ஷை விட்டுச் சுழற்றி, துணியால் ஒற்றி எடுங்கள். அந்த அழுக்கு உள்ளேயே இருந்தால் மேலே எந்த பேஸ்ட் தடவினாலும் வீண்.

அடி மூடிய ஓட்டைகளில் எச்சரிக்கை. ஓட்டைக்குள் எண்ணெயோ கிரீஸோ நிரப்பிவிட்டுப் போல்ட்டை இறக்கினால் அடியில் மாட்டிய எண்ணெய் போக வழியில்லாமல் அழுத்தம் ஏறும், அலுமினிய உடம்பு விரிசல் விடும். பேஸ்ட்டைப் போல்ட்டில் தடவுங்கள், ஓட்டையில் வேண்டாம்.

மாட்டும்போது முதலில் கையால் எதிர்ப்பக்கம் மெதுவாகத் திருப்புங்கள். ஓரிடத்தில் 'டிக்' என்று மரை விழுவது விரலுக்குத் தெரியும். அங்கிருந்து முன்பக்கம் திருப்பினால் குறுக்கு மரை ஏறாது. குறைந்தது மூன்று நான்கு சுற்று விரலாலேயே போக வேண்டும். போகவில்லை என்றால் ஸ்பேனரை எடுக்காதீர்கள், வெளியே எடுத்து ஏன் என்று பாருங்கள்.

பேஸ்ட் தடவினால் டார்க் (முறுக்கு விசை) குறைக்க வேண்டுமா?

ஆமாம். புத்தகத்தில் இருக்கும் டார்க் அளவுகள் பொதுவாக உலர்ந்த மரைக்கு. வழுக்கல் கூடினால் அதே டார்க்கில் போல்ட்டு அதிகமாக இழுபடும். 20 முதல் 25 சதவீதம் வரை குறைத்து வையுங்கள். அலுமினியத்தில் இறங்கும் எம்6 போல்ட்டுக்கு வழக்கமான அளவு 10 நியூட்டன் மீட்டர் வாக்கில் இருக்கும். பேஸ்ட்டோடு 8 போதும்.

டார்க் ரெஞ்ச் இல்லாதவர்களுக்கு ஒரு கணக்கு: 20 செ.மீ. நீள ஸ்பேனரின் முனையில் 5 கிலோ அளவு அழுத்தம் கொடுத்தால் 10 நியூட்டன் மீட்டர். அந்த நீளத்தில் முழுக்கை பலத்தைக் கொடுத்தால் எம்6 ஒடிந்துவிடும். சைடு கவர் ஸ்க்ரூக்கள் உடைவதில் பாதி துருவால் அல்ல, முன்பு யாரோ 'நல்லா டைட்' வைத்ததால்.

ஸ்பார்க் பிளக்குக்கும் ஆன்டி-சீஸ் போடலாமா?

இப்போது வரும் பிளக்குகளின் மரையில் துரு பிடிக்காத முலாம் இருக்கிறது, அதனால் தேவையில்லை. என்ஜிகே நிறுவனமே வேண்டாம் என்கிறது. வழுக்கலில் அதிகமாக முறுக்கி ஹெட் மரை போவதுதான் மிச்சம். சூடு ஆறிய எஞ்சினில், கையால் முட்டும்வரை திருகி, புது பிளக் என்றால் அதற்கு மேல் அரை முதல் மூன்றில் இரண்டு பங்கு சுற்றுக்குள் நிறுத்துங்கள். வாஷர் ஏற்கெனவே நசுங்கிய பழைய பிளக்குக்கு கடிகாரத்தின் சின்ன முள் ஒரு மணி நேரத்தில் நகரும் அளவு போதும்.

எல்லாவற்றையும் ஸ்டெயின்லெஸ் ஆக மாற்றிவிட்டால் பிரச்சினை தீருமா?

பாதி தீரும், பாதி இடம் மாறும். ஸ்டெயின்லெஸ் தான் துருப்பிடிக்காது, ஆனால் சுற்றியிருக்கும் அலுமினியத்தை முலாம் பூசிய சாதாரண போல்ட்டைவிட வேகமாக அரிக்கும். முலாமில் இருக்கும் துத்தநாகம் தன்னைக் கரைத்துக்கொண்டு அலுமினியத்தைக் காப்பாற்றும். ஸ்டெயின்லெஸ்ஸுக்கு அந்தக் குணம் இல்லை. பேஸ்ட் இல்லாமல் சைடு கவரில் ஸ்டெயின்லெஸ் ஆலன் போல்ட்டு போட்டால், தலை பளபளவென்று இருக்கும், உள்ளே வெள்ளை மாவு சேர்ந்துகொண்டிருக்கும்.

ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நட்டு போட்டு வேகமாக முறுக்கினால் இரண்டும் உரசி ஒட்டி, நடு வழியில் நின்றுவிடும். அறுத்துத்தான் எடுக்க வேண்டும். நைலான் நட்டில் இது அடிக்கடி நடக்கும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கையால் மெதுவாக முறுக்கினால் தப்பிக்கலாம்.

பலமும் வேறு. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஏ2-70 ஸ்டெயின்லெஸ், 8.8 என்று தலையில் குத்திய இரும்பு போல்ட்டைவிடப் பலம் குறைந்தது. மட்கார்டு, நம்பர் பிளேட், சீட் போன்ற இடங்களுக்குத் தாராளமாகப் போடலாம். பிரேக், ஆக்ஸில், ஹேண்டில்பார் கிளாம்பு, எஞ்சின் மவுண்டிங், சஸ்பென்ஷன் பக்கம் வேண்டாம்.

லாக்டைட் (மரையை ஒட்டிப் பிடிக்கும் பசை) போட்ட போல்ட்டு துருப்பிடிக்குமா?

பெரும்பாலும் இல்லை. அது மரையின் இடைவெளியை நிரப்பி ஈரத்தை வெளியே நிறுத்திவிடும். ஆடி ஆடிக் கழலும் போல்ட்டுக்கு நீல வகை போதும். சிவப்பு வகையைச் சின்ன போல்ட்டில் போடாதீர்கள். 250 டிகிரி வரை சூடு காட்டினால்தான் அது விடும், எம்6 அதற்குள் முறுகி ஒடியும். லாக்டைட்டும் ஆன்டி-சீஸும் ஒரே மரையில் சேராது.

டபிள்யூடி-40 அடித்துக்கொண்டே இருந்தால் போதாதா?

போதாது. பெயரே சொல்கிறது, அது ஈரத்தை விரட்டுவதற்காகச் செய்தது. கழுவிய பின் மரையில் தங்கும் தண்ணீரை வெளியேற்ற அருமையான பொருள். ஆனால் அதில் பெரும்பகுதி ஆவியாகிவிடும், மிஞ்சும் எண்ணெய்ப் படலம் மெல்லியது. மழைக்காலம் முழுவதும் அது காக்கும் என்று நம்ப வேண்டாம். ஈரத்தை விரட்ட அதை அடியுங்கள், துடைத்துவிட்டு அதன் மேல் கிரீஸ் வையுங்கள்.

வண்டியை எப்படிக் கழுவ வேண்டும்?

முதலில் என்ன தண்ணீர் என்று பாருங்கள். மீஞ்சூர், எண்ணூர் போன்ற கடலோரப் பகுதிகளில் போர் தண்ணீரே உப்பு. அதில் கழுவி அப்படியே காய விட்டால், உப்பைக் கழுவுவதற்குப் பதில் பூசுகிறீர்கள். கடைசி ஒரு வாளியாவது நல்ல தண்ணீராக இருக்கட்டும். பாத்திரம் கழுவும் லிக்விடிலும் உப்பு சேர்ப்பதுண்டு, அதற்குப் பதில் வண்டி ஷாம்பூ. வாட்டர் சர்வீஸில் பிரஷர் பைப்பை ஆக்ஸில், ஸ்விங் ஆர்ம், ஸ்டியரிங் பேரிங் பக்கம் நேராக அடிக்கச் சொல்லாதீர்கள், உள்ளே இருக்கும் கிரீஸ் போய்விடும். கழுவிய பின் பத்து நிமிடம் ஓட்டி, சூட்டில் உலர விட்டு நிறுத்துங்கள். ஈரத்தோடு தார்பாய் போட்டு மூடுவது துருவுக்கு விருந்து.

நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையை என்ன செய்வது?

பலர் கவனிக்காத இடம் இதுதான். நட்டுக்குள் இருக்கும் மரை ஓரளவு காப்பாக இருக்கும். வெளியே நீட்டியிருக்கும் பகுதிதான் துருப்பிடித்துத் தடித்துப்போகும். கழற்றும்போது நட்டு அந்தத் தடித்த மரையைத் தாண்டித்தான் வர வேண்டும். அதனால்தான் முதல் அரைச் சுற்று லேசாக வந்து, பிறகு கடினமாகி, கடைசியில் போல்ட்டு முறுகி ஒடிகிறது. கழற்றுவதற்கு முன் அந்தப் பகுதியை வயர் பிரஷ்ஷால் தேய்த்து எண்ணெய் விடுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். மாட்டிய பின் அங்கே கொஞ்சம் கிரீஸ் அப்பி விடலாம், அல்லது மூடிய தலை கொண்ட டோம் நட்டு போடலாம். போல்ட்டே தேவைக்கு மேல் நீளம் என்றால் சரியான நீளத்தில் வேறு வாங்குங்கள். நட்டைத் தாண்டி இரண்டு மூன்று மரை தெரிந்தால் போதும்.

ஏற்கெனவே இறுகிவிட்டது. எந்த வரிசையில் முயல வேண்டும்?

அவசரப்பட்டு நீளக் குழாயை ஸ்பேனரில் மாட்டித் தொங்குவது கடைசி வழிகூட அல்ல. வரிசை இது.

முதலில் சுத்தம், மேலே சொன்னது போல. பிறகு ஊடுருவும் எண்ணெய். கடையில் விற்கும் பெனட்ரேட்டிங் ஸ்ப்ரே இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் மண்ணெண்ணெயில் கியர் ஆயில் கொஞ்சம் கலந்தது. மாலை ஒருமுறை, இரவு ஒருமுறை, காலை ஒருமுறை விட்டு ஊற வையுங்கள். ஒரே நேரத்தில் அரை டப்பா அடிப்பதைவிட இது பலன் தரும்.

அடுத்து தட்டல். போல்ட்டின் தலையில் நேராக, தண்டின் போக்கிலேயே, சுத்தியலால் சுருக்கென்று பத்துப் பதினைந்து தட்டு. பலமான அடி வேண்டாம். அந்த அதிர்வில்தான் துரு நொறுங்கி எண்ணெய் உள்ளே போக வழி கிடைக்கிறது.

ஸ்பேனர் வைக்கும்போது ஆறு மூலை சாக்கெட் எடுங்கள். பன்னிரண்டு மூலை ரிங்கும் ஓபன் ஸ்பேனரும் தலையை உருட்டிவிடும். முதலில் கழற்றும் பக்கம் அல்ல, இறுக்கும் பக்கம் மயிரிழை அசைத்துப் பாருங்கள். கிரீச் என்று அசைந்தால் பாதி வென்றாயிற்று. பிறகு கால் சுற்று கழற்றி, எட்டில் ஒரு சுற்று திருப்பி இறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி. ஒரே மூச்சில் கழற்றப் போனால் பொடி மரையில் அரைபட்டு மீண்டும் இறுகும்.

இதற்கும் அசையவில்லை என்றால் சூடு. அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். அதனால் அலுமினிய உடம்பில் மாட்டிய போல்ட்டுக்கு, போல்ட்டை அல்ல, சுற்றியுள்ள உடம்பைச் சூடாக்க வேண்டும். ஹீட் கன் போதும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சுர்ரென்று ஆவியாகும் அளவு வந்தால் நிறுத்துங்கள். அலுமினியம் சிவக்காமலே உருகும் உலோகம், நிறத்தை நம்பி கேஸ் டார்ச் பிடித்தால் கவரே போய்விடும். இரும்பு நட்டு இரும்பு போல்ட்டு என்றால் நட்டை மட்டும் சூடாக்குங்கள். சூடாக இருக்கும்போதே மெழுகுவர்த்தியை மரையில் தொட்டால் மெழுகு உருகி உள்ளே இழுபடும், இது நன்றாகவே வேலை செய்கிறது. நெருப்புக்கு முன் பெட்ரோல் டேங்கைக் கழற்றி வேறு இடத்தில் வையுங்கள். ஸ்ப்ரே அடித்த இடத்தைத் துடைத்து உலர விடுங்கள்.

ஸ்டார் ஸ்க்ரூவின் தலை வழுக்கிவிட்டது. என்ன செய்வது?

ஆர்எக்ஸ் 100 போன்ற ஜப்பானிய வழி வண்டிகளில் இருக்கும் ஸ்டார் ஸ்க்ரூ, சாதாரண பிலிப்ஸ் ஸ்க்ரூ அல்ல. அது ஜேஐஎஸ் என்ற ஜப்பான் அளவு, பள்ளத்தின் வடிவம் கொஞ்சம் வேறு. பிலிப்ஸ் டிரைவர் அதன் அடிவரை உட்காராமல், பலம் கொடுத்ததும் மேலே ஏறி வழுக்கும். ஜேஐஎஸ் முனை கிடைத்தால் அதையே வாங்குங்கள், 2, 3 என்ற இரண்டு அளவே பெரும்பாலான வேலைக்குப் போதும்.

சைடு கவருக்குக் கையால் திருகும் டிரைவர் வேண்டாம். சுத்தியலால் அடிக்கும் இம்பாக்ட் டிரைவர் எடுங்கள். அடி விழும்போதே திருப்பமும் கிடைப்பதால் முனை வழுக்காது. பள்ளம் ஏற்கெனவே சிதைந்திருந்தால், ஸ்க்ரூ தலையின் ஓரத்தில் உளி வைத்துக் கழற்றும் திசையில் சாய்த்து அடிக்கலாம். அதுவும் முடியாதபோது 6 மி.மீ. டிரில்லால் தலையை மட்டும் எடுத்துவிடுங்கள். கவர் கழன்றதும் மீதித் தண்டின் மேல் இருந்த இழுவிசை போய்விடும், வைஸ் கிரிப்பால் பிடித்தால் பெரும்பாலும் வந்துவிடும். திருப்பி மாட்டும்போது ஆலன் போல்ட்டு போடுங்கள்.

போல்ட்டு உள்ளேயே ஒடிந்துவிட்டால்?

கொஞ்சம் வெளியே நீட்டியிருந்தால் அதன் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் அடிப்பதுதான் சிறந்த வழி. பலத்தைவிட வெல்டிங்கின் சூடுதான் இதில் வேலை செய்கிறது. பேட்டரி கனெக்‌ஷனையும் சிடிஐ (ஸ்பார்க்கைக் கட்டுப்படுத்தும் பெட்டி) கப்ளரையும் முதலில் கழற்றுங்கள்.

மட்டத்தோடு ஒடிந்திருந்தால் டிரில். நட்ட நடுவில் சென்டர் பஞ்ச் குத்துவதில்தான் எல்லாம் இருக்கிறது, அரை மி.மீ. விலகினாலும் டிரில் மென்மையான அலுமினியத்துக்குள் நழுவிவிடும். எம்6 என்றால் முதலில் 3, பிறகு 4, கடைசியில் 5 மி.மீ. நடு சரியாக இருந்தால் மரைச் சுருள் மட்டும் மிஞ்சும், கொக்கியால் இழுத்தெடுக்கலாம். இடப்பக்கம் சுழலும் டிரில் கிடைத்தால் துளைக்கும்போதே போல்ட்டு கழன்று வருவதும் உண்டு.

ஒடிந்த போல்ட்டைத் திருகி எடுக்க விற்கும் 'ஈஸி அவுட்' கருவியின் பெயரை நம்பாதீர்கள். 8 மி.மீ.க்குக் குறைந்த போல்ட்டில் அது உள்ளேயே ஒடிவது சாதாரணம். அது கடினமான எஃகு, எந்தச் சாதாரண டிரில்லும் இறங்காது.

மரையே போய்விட்டது. பெரிய போல்ட்டு போட்டு அடித்துவிடலாமா?

வேண்டாம், ஹெலிகாயில் (புது மரையாக உள்ளே வைக்கும் கம்பிச் சுருள்) போடுங்கள். எம்6க்கு 6.3 மி.மீ., எம்8க்கு 8.3 மி.மீ. டிரில், பிறகு அதற்கென்றே வரும் டேப் (மரை வெட்டும் கருவி), பிறகு சுருள். பழைய அளவு போல்ட்டே திரும்பப் போகும், அலுமினிய மரையைவிட உறுதியாகவும் இருக்கும். கை பழகாதவர்கள் லேத்துப் பட்டறையில் கொடுத்துவிடுவது உத்தமம்.

பழைய புல்லட்டுக்கு எந்த ஸ்பேனர்?

இங்கிலாந்து வடிவமைப்பு என்பதால் பழைய புல்லட்டில் விட்வொர்த், பிஎஸ்எஃப், சைக்கிள் மரை என்ற பழைய இங்கிலாந்து மரை வகைகள் எல்லாம் உண்டு. பிற்காலத்தில் மெட்ரிக்கும் கலந்தது. கால் அங்குல விட்வொர்த் நட்டின் குறுக்களவு 13.3 மி.மீ. 13 ஸ்பேனர் நுழையாது, 14 லொடலொடவென்று ஆடும். 14ஐ வைத்து இறுகிய நட்டைத் திருகினால் மூலை உருளாமல் இருக்காது. விட்வொர்த் ஸ்பேனர் செட் ஒன்று வாங்கிவிடுங்கள்.

மரையிலும் ஒரு பொறி இருக்கிறது. கால் அங்குல சைக்கிள் மரையும் கால் அங்குல பிஎஸ்எஃப் மரையும் அங்குலத்துக்கு 26 சுற்றுதான், ஆனால் ஒன்று 60 டிகிரி கோணம், இன்னொன்று 55. மாற்றிப் போட்டாலும் ஏறும், பிறகு இறுகும். எம்6 போல்ட்டும் அந்த ஓட்டைக்குள் தொளதொளவென்று போகும், ஏனென்றால் அதன் சுற்று அங்குலத்துக்கு 25.4. இறுக்கும்போது பிடித்தது போலத் தெரிந்து, மரையை வழித்துக்கொண்டு வரும். சென்னை புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் வாங்கப் போகும்போது பழைய போல்ட்டையும் நட்டையும் சேர்த்துக் கொண்டுபோய், கடையிலேயே மாட்டிப் பாருங்கள்.

மெட்ரிக் வண்டிக்காரர்களுக்கும் இதில் ஒரு செய்தி. ஜப்பானிய வழி எம்10 போல்ட்டின் மரை இடைவெளி 1.25 மி.மீ., ஹார்ட்வேர் கடையில் சும்மா 'எம்10' என்று கேட்டால் கொடுப்பது 1.5.

வருடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் கழற்றி மாட்ட வேண்டுமா?

எல்லாவற்றையும் வேண்டாம். ஹெட் நட்டு, கிராங்க்கேஸ் போல்ட்டு போன்றவற்றைக் காரணமில்லாமல் தொடாதீர்கள். ஐப்பசி மழை தொடங்கும் முன் இரண்டு ஆக்ஸில், செயின் அட்ஜஸ்டர், ஸ்டாண்டு பின், ஃபுட்ரெஸ்ட், பேட்டரி டெர்மினல் இவ்வளவையும் கழற்றித் துடைத்து கிரீஸ் வைத்து மாட்டுங்கள். சைலன்ஸர் நட்டும் ஸ்விங் ஆர்ம் தண்டும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. வீட்டிலிருந்து கடல் தெரியும் என்றால் இவையும் வருடா வருடம். ஸ்போக் நிப்பிள்களுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். இறுகிய நிப்பிளைத் திருகினால் ஸ்போக்தான் முறுகும்.

யமஹாவில் வலப்பக்கக் கண்ணாடி கழலவே மாட்டேன் என்கிறது, எவ்வளவு எண்ணெய் விட்டும்.

அது இறுகவில்லை. யமஹா வண்டிகள் பலவற்றில் வலப்பக்கக் கண்ணாடிக்கு எதிர் மரை. கடிகாரம் சுற்றும் திசையில் திருப்புங்கள்.